அன்னா, இன்னா, டிஸ்ஸா? எதிர்மறை முன்னொட்டுக் கோளாறுகளைக் கண்டுபிடிப்பது

பல வருடங்களுக்கு முன் ஒரு சிறிய அலுவலகத்தில் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதித் தட்டச்சு செய்யும் வேலையில் இருந்தேன். பங்குதாரர்கள் இருவருக்குள் கணக்குத் தகராறு. 'எந்தப் பக்கமும் சாராத ஒருவரை நடுவராக வைக்கலாம் என்று எழுதுப்பா' என்றார் முதலாளி. நான் 'அன்இன்டரஸ்டட் பெர்சன்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் எதிர்த்தரப்பிலிருந்து பதில் வந்தது: 'விருப்பமே இல்லாதவரை எதற்கு நடுவராகக் கூப்பிட வேண்டும்?' முதலாளி திட்டவில்லை, சிரித்தார். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

நான் எழுதியிருக்க வேண்டிய சொல் 'டிஸ்இன்டரஸ்டட்'. 'அன்-', 'டிஸ்-' மாதிரி ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு அதை எதிர்மறையாக்கும் முன்னொட்டுகளைப் பற்றி அன்றைக்கு ஆரம்பித்த குறிப்பு நோட்டிலிருந்து எடுத்தவைதான் கீழே இருப்பவை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எங்கே வலிக்கிறதோ அங்கே போய்ப் பாருங்கள். முதல் சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

முதல் சோதனை: இது எந்த 'இல்லை'?

ஆங்கில முன்னொட்டைத் தேடும் முன், சொல்ல வந்ததைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தமிழில் 'அல்ல' வேறு, 'இல்லை' வேறு. 'இது மாம்பழம் அல்ல' என்பதையும் 'இங்கே மாம்பழம் இல்லை' என்பதையும் சின்னப் பிள்ளைகூடக் குழப்பிக்கொள்ளாது. இந்தக் காது நமக்குப் பெரிய சொத்து. ஆங்கிலம் எழுத உட்கார்ந்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

மனதில் வந்த தமிழ் 'அல்லாத' என்றால் பெரும்பாலும் 'நான்-' போடலாம். 'இல்லாத', 'முடியாத', 'செய்யாத' என்று வந்தால் 'அன்-' அல்லது 'இன்-'. இருந்ததை எடுத்துவிட்டது, கலைத்தது, மறுத்தது என்றால் 'டிஸ்-'. 'தவறாக' என்றால் 'மிஸ்-'. பாதிக் கோளாறு இதிலேயே சரியாகிவிடும். மிச்சத்துக்குக் கீழே வாருங்கள்.

அறிகுறி: சொல் அகராதியில் இருக்கிறது, ஆனால் படித்தவர் வேறு ஏதோ புரிந்துகொண்டார்

என் நடுவர் கதை இந்த வகை. எழுத்துப்பிழை இல்லாததால் கணினி சிவப்புக் கோடு போடாது. அதனால்தான் இது ஆபத்து.

'இன்டரஸ்ட்' என்ற சொல்லுக்கு ஆர்வம் என்றும் பொருள், ஆதாயப் பங்கு என்றும் பொருள். ஆர்வம் இல்லாதவர் 'அன்இன்டரஸ்டட்'. அந்த விவகாரத்தில் ஆதாயம் எதுவும் இல்லாமல் தள்ளி நிற்பவர் 'டிஸ்இன்டரஸ்டட்'. நீதிபதி இரண்டாவது வகையாக இருக்க வேண்டும். முதல் வகையாக இருந்தால் வழக்கு நடக்கும்போதே தூங்கிவிடுவார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இந்த இரண்டு சொற்களும் ஏறக்குறைய இடம் மாறிக் கிடந்தன. ஆர்வமில்லாதவரை 'டிஸ்' என்றும், நடுநிலையாளரை 'அன்' என்றும் எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கும் ஆங்கிலேயர்களே பேச்சில் குழப்புகிறார்கள். சட்டம், ஒப்பந்தம், விண்ணப்பம் என்று வரும்போது மட்டும் நாம் குழப்பாமல் இருந்தால் போதும்.

இதே வகையில் நம்மூர்க்காரர்கள் தினமும் இடறும் இன்னொன்று 'அன்ஆர்கனைஸ்டு'. கட்டுமானம், நெசவு, வீட்டு வேலை செய்பவர்களுக்காக 2008இல் வந்த மத்தியச் சட்டத்தின் பெயரில் இந்தச் சொல்தான் இருந்தது. தமிழில் 'அமைப்புசாரா தொழிலாளர்' என்கிறோம். சரியான தமிழாக்கம் அது. அவர்கள் ஓர் அமைப்புக்குள் வரவில்லை, அவ்வளவுதான். அதே இடத்தில் 'டிஸ்ஆர்கனைஸ்டு' என்று எழுதினால், தொழிலாளர்கள் தாறுமாறானவர்கள், ஒழுங்கு கெட்டவர்கள் என்று ஆகிவிடும். மேசைமேல் நேற்றைய பேப்பரும் காபி டம்ளரும் கரண்ட் பில்லும் கலந்து கிடந்தால் அதுதான் 'டிஸ்ஆர்கனைஸ்டு'.

வீட்டுமனை விளம்பரம் படிப்பவர்களுக்கு 'அன்அப்ரூவ்டு' பழகிய சொல். அங்கீகாரம் இன்னும் வாங்காத மனை. அப்படிப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் தமிழக அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. 'டிஸ்அப்ரூவ்டு' என்றால் கதை மாறிவிட்டது. கேட்டு, பார்த்து, கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முதலாவதை வாங்கினால் தலைவலி. இரண்டாவதை வாங்கினால் என்ன ஆகும் என்பதை மனைத் தரகரிடம் கேளுங்கள், அவரும் சொல்ல மாட்டார்.

தகுதி விஷயத்திலும் இதே கணக்கு. டிரைவிங் லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டுநர் வேலைக்கு 'அன்குவாலிஃபைடு'. தகுதி இருந்து, பிறகு பறிக்கப்பட்டவர் 'டிஸ்குவாலிஃபைடு'. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் எட்டாவது பிரிவில், சில குற்றங்களுக்குத் தண்டனை பெற்ற சட்டமன்ற உறுப்பினரையும் நாடாளுமன்ற உறுப்பினரையும் செய்வது இதைத்தான். ஆனால் 'அன்குவாலிஃபைடு' என்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது, பார்த்துக் காலை வையுங்கள். தணிக்கையாளர் ஒரு நிறுவனத்தின் கணக்குக்கு 'அன்குவாலிஃபைடு ஒப்பீனியன்' கொடுத்தார் என்றால் யாரும் பதறக் கூடாது. அங்கே 'குவாலிஃபை' என்றால் 'ஆனால்' போட்டுச் சொல்வது. 'ஆனால்' எதுவும் இல்லாத, கறை இல்லாத சான்று அது. இந்தக் குழப்பம் வேண்டாமென்றோ என்னவோ, இப்போதைய தணிக்கைத் தரங்கள் 'அன்மாடிஃபைடு' என்ற சொல்லைப் பயன்படுத்துகின்றன.

விடுப்புக் கடிதத்தில் 'ஐ ஆம் டிஸ்ஏபிள் டு கம்' என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'டிஸ்ஏபிள்' என்பது வினை. அலாரத்தைச் செயலிழக்கச் செய்வது அது. வர முடியவில்லை என்றால் 'அன்ஏபிள்'.

பொருளைக் கைமறதியாக எங்கோ வைத்துவிட்டால் 'மிஸ்பிளேஸ்', இருந்த இடத்திலிருந்து பெயர்த்துவிட்டால் 'டிஸ்பிளேஸ்'. போரில் ஊரைவிட்டுப் போக நேர்ந்த மக்களை ஐ.நா. ஆவணங்கள் 'டிஸ்பிளேஸ்டு பெர்சன்ஸ்' என்கின்றன. நாம் 'இடம்பெயர்ந்தோர்' என்கிறோம். இதற்கு ஒருவர் 'மிஸ்பிளேஸ்டு' என்று போட்டதை ஒரு வரைவில் பார்த்தேன். சாவிக்கொத்து மாதிரி மக்களைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்று அர்த்தமாகிறது.

அறிகுறி: தகவல்தான் சொன்னேன், எதிராளி கோபித்துக்கொண்டார்

'நான்-' வர வேண்டிய இடத்தில் 'அன்-' வந்துவிட்டால் இப்படி ஆகும். 'நான்-' என்பது கோடு போட்டுப் பிரிப்பதோடு சரி. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். யார் மேல், யார் கீழ் என்று அது சொல்லாது. 'அன்-' பல சமயம் குறையும் சேர்த்துச் சொல்லும்.

நம் ஹோட்டல்களைப் பாருங்கள். 'நான்-வெஜ்' என்று எழுதியிருக்கிறார்களே தவிர 'அன்-வெஜ்' என்று எங்கும் இல்லை. அது உணவின் வகையைச் சொல்கிறது, திட்டவில்லை. தமிழில் 'அசைவம்' என்று வடமொழி 'அ' போட்டுச் சொல்கிறோம். இந்த 'அ'வுக்கும் ஆங்கில 'அன்'னுக்கும் பூர்வீகம் ஒன்றே. இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் ஒரே மூலத்திலிருந்து வடமொழிக்கு 'அ-', உயிரெழுத்துக்கு முன் 'அன்-'; கிரேக்கத்துக்கும் அப்படியே; லத்தீனுக்கு 'இன்-'; ஆங்கிலத்துக்கு 'அன்-'. அநியாயத்தில் இருக்கும் 'அ'வும் 'அன்ஜஸ்ட்'டில் இருக்கும் 'அன்'னும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மருத்துவமனையில் டாக்டர், நர்ஸ் அல்லாத ஊழியர்களை 'நான்-புரொஃபஷனல் ஸ்டாஃப்' என்று ஒரு பட்டியலில் போடலாம். 'அன்புரொஃபஷனல் ஸ்டாஃப்' என்று போட்டால் அன்றைக்கே வேலைநிறுத்தம். தொழில் தர்மம் தெரியாதவர்கள் என்று பொருள். கவிதை 'நான்-சயன்டிஃபிக்'. அறிவியல் என்று சொல்லிக்கொண்டு ஆதாரமில்லாமல் பேசுவது 'அன்சயன்டிஃபிக்'.

நம் சுதந்திரப் போராட்டத்தின் சொற்களே இதற்கு நல்ல பாடம். 1920இல் காந்தி தொடங்கியது 'நான்-கோஆபரேஷன்'. தமிழில் ஒத்துழையாமை. ஓர் அதிகாரி தன் கீழே இருப்பவரை 'அன்கோஆபரேடிவ்' என்று கோப்பில் எழுதினால் அது புகார். முன்னது கொள்கை, பின்னது சிடுமூஞ்சித்தனம். 1930இல் வந்தது 'சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்'. இதைத் தமிழில் 'சட்டமறுப்பு' என்று வைத்தார்கள். 'டிஸ்-' என்பதற்குள் மறுப்பு இருக்கிறது என்பதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். கீழ்ப்படியாமல் சும்மா இருப்பது இல்லை, முகத்துக்கு நேரே மாட்டேன் என்பது. 'டிஸ்அக்ரீ', 'டிஸ்ஓன்' எல்லாம் இந்தக் குணம்தான்.

'நான்-அலைன்டு' இன்னொன்று. 1961இல் பெல்கிரேடில் கூடிய நாடுகளை 'அணிசேரா நாடுகள்' என்றோம். 'மிஸ்அலைன்டு' என்றால் கார் சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கிறது, பஞ்சர் கடைக்காரர் பார்த்தால்கூடச் சொல்லிவிடுவார்.

அறிகுறி: கணினி சிவப்புக் கோடு போடுகிறது, ஆனால் 'அன்' சரிதானே என்று தோன்றுகிறது

'அன்ஏபிள்' சரி என்றால் 'அன்எபிலிட்டி' ஏன் தவறு? நியாயமான கேள்வி. பதில் சரித்திரத்தில் இருக்கிறது. 'அன்-' ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை. அது பெயரடைகளோடு தாராளமாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் அவற்றின் பெயர்ச்சொற்கள் பலவும் லத்தீன், பிரெஞ்சு வழியாக 'இன்-' ஒட்டியபடியே முழுதாக வந்து இறங்கியவை. அதனால் ஒரே வீட்டில் இரண்டு சாப்பாடு.

எனவே 'அன்ஏபிள்' ஆனால் 'இன்எபிலிட்டி'. 'அன்ஈக்வல்' ஆனால் 'இன்ஈக்வாலிட்டி'. 'அன்ஸ்டேபிள்' ஆனால் 'இன்ஸ்டெபிலிட்டி'. 'அன்ஜஸ்ட்' ஆனால் 'இன்ஜஸ்டிஸ்'. 'அன்கிரேட்ஃபுல்' ஆனால் 'இன்கிராடிட்யூட்'. 'அன்பேலன்ஸ்டு' ஆனால் 'இம்பேலன்ஸ்'. 'அன்டிசிப்ளின்டு' பையன் செய்வது 'இன்டிசிப்ளின்'. இந்தச் சொல் நம் பள்ளி டைரிகளில் வாழ்கிறது. 'அன்கம்ஃபர்டபிள்' மட்டும் வழி மாறி 'டிஸ்கம்ஃபர்ட்' ஆகிவிடும்.

இவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஜோடியாக நோட்டில் எழுதுங்கள், பெயரடை இடது பக்கம், பெயர்ச்சொல் வலது பக்கம். பத்துப் பன்னிரண்டு ஜோடிதான் அன்றாடம் வேண்டியிருக்கும்.

புதிதாக ஒரு பெயரடை வந்தால்? '-எட்', '-இங்' என்று முடிவதற்கு 'அன்-' என்று நம்பிப் போடலாம்: 'அன்வான்டட்', 'அன்எண்டிங்'. '-இபிள்', '-என்ட்' என்று முடியும் லத்தீன் சரக்குக்கு 'இன்-' குடும்பம்: 'இன்விசிபிள்', 'இன்டிபெண்டன்ட்'. 'அன்இம்பார்டன்ட்' போன்ற விலக்குகள் இருக்கின்றன. அதனால் எழுதியபின் அகராதியை ஒருமுறை தொட்டுவிடுங்கள்.

அறிகுறி: இன், இம், இல், இர் என்று எழுத்து மாறுகிறது, எத்தனை எழுத்து என்பதும் தெரியவில்லை

இதை ஆங்கில ஆசிரியர்கள் அட்டவணை போட்டுக் கற்பிக்கிறார்கள். தமிழ்ப் புணர்ச்சி படித்தவருக்கு அட்டவணையே தேவையில்லை. 'செம்மை'யை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழோடு சேர்ந்தால் செந்தமிழ், கோலோடு சேர்ந்தால் செங்கோல், பருத்தியோடு சேர்ந்தால் செம்பருத்தி. வரும் எழுத்து வாயில் எங்கே பிறக்கிறதோ அங்கே மெல்லெழுத்து முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்கிறது. 'இன்-' செய்வதும் அதேதான். உதடு மூடிப் பிறக்கும் எழுத்துக்கு முன் 'இம்' ஆகும்: 'இம்பாசிபிள்', 'இம்பேலன்ஸ்', 'இம்மெச்சூர்'. 'செங்கோல்' மாதிரி 'இன்கரெக்ட்'டையும் பலர் மூக்கால் 'இங்' என்றுதான் சொல்கிறார்கள். எழுத்தில் மட்டும் அதைக் காட்டுவதில்லை.

லகரத்துக்கு முன் 'இல்', ரகரத்துக்கு முன் 'இர்': 'இல்லீகல்', 'இல்லாஜிக்கல்', 'இர்ரெகுலர்', 'இர்ரெஸ்பான்சிபிள்'. 'இல்லீகல்' என்பதில் நம் 'இல்' ஒளிந்திருப்பது தற்செயல்தான், ஆனால் ஞாபகம் வைக்க உதவுகிறது.

'அன்-' இப்படி வளைந்து கொடுக்காது. 'அன்பாப்புலர்', 'அன்ரிலையபிள்' எல்லாம் அப்படியே நிற்கும். 'அன்லிமிடெட் மீல்ஸ்' போர்டைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் இல்லை. லகரம் வந்தும் அது 'அல்லிமிடெட்' ஆகவில்லையே.

எழுத்து ஒன்றா இரண்டா என்ற சந்தேகத்துக்கு ஒரே மருந்து: முன்னொட்டையும் சொல்லையும் தனியாக எழுதி, எதையும் விடாமல் ஒட்டுங்கள். 'டிஸ்' கூட 'சாட்டிஸ்ஃபைடு' சேர்ந்தால் எஸ் இரண்டு. 'டிஸ்' கூட 'அப்பியர்' சேர்ந்தால் எஸ் ஒன்று. 'மிஸ்' கூட 'ஸ்பெல்' சேர்ந்தால் எஸ் இரண்டு. எழுத்துப்பிழை என்ற சொல்லிலேயே எழுத்துப்பிழை விடுபவர்கள்தான் அதிகம். 'அன்' கூட 'நெசசரி' சேர்ந்தால் என் இரண்டு.

அறிகுறி: 'இன்' இருக்கிறது, ஆனால் பொருள் தலைகீழாக இல்லை

பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருப்பார்கள். இது தீப்பிடிக்காது என்று பொருள் கொண்டு பக்கத்தில் பீடி பற்றவைத்தால் அதோடு சரி. இங்கே 'இன்' எதிர்மறை இல்லை. லத்தீனில் 'உள்ளே' என்ற பொருள் தரும் வேறு 'இன்'. 'ஃபிளேமபிள்', 'இன்ஃபிளேமபிள்' இரண்டும் ஒன்றே. இந்தக் குழப்பத்தால் உயிர் போகும் என்று 1920களிலேயே அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 'ஃபிளேமபிள்' என்று எழுதச் சொன்னது. 1959இல் பிரிட்டிஷ் தர நிறுவனமும் அதையே பரிந்துரைத்தது. நீங்கள் எச்சரிக்கைப் பலகை எழுதுபவராக இருந்தால் 'ஃபிளேமபிள்', தீப்பிடிக்காததற்கு 'நான்-ஃபிளேமபிள்'. வேறு பேச்சே வேண்டாம்.

'இன்வேல்யூவபிள்' இன்னொரு வகை. இங்கே 'இன்' எதிர்மறைதான், ஆனாலும் சொல் புகழ்ச்சி. விலை போட முடியாதது. ஆங்கிலத்துக்கு என்ன பைத்தியமா என்று கேட்கும் முன் நம் வீட்டைப் பாருங்கள்: 'விலைமதிப்பற்ற' என்றால் பொக்கிஷம், 'மதிப்பற்ற' என்றால் குப்பை. அதே விளையாட்டு.

அறிகுறி: வதந்தி பற்றி எழுதுகிறேன், மிஸ்ஸா டிஸ்ஸா?

கேள்வி ஒன்றுதான்: பரப்பியவருக்குப் பொய் என்று தெரியுமா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியம்மா நல்ல மனதோடு அனுப்பும் தவறான வைத்தியக் குறிப்பு 'மிஸ்இன்ஃபர்மேஷன்'. அதையே பொய் என்று தெரிந்து ஒருவர் உட்கார்ந்து தயாரித்திருந்தால், அவர் கையில் அது 'டிஸ்இன்ஃபர்மேஷன்'. அதாவது ஒரே செய்தி கை மாறும்போது பெயரும் மாறும். இந்த 'டிஸ்' சொல்லுக்குப் பின்னால் ரஷ்ய மொழியின் 'தெசின்ஃபர்மாட்சியா' இருக்கிறது. பனிப்போர்க் காலத்தில் உளவு உலகின் வழியாக ஆங்கிலத்தில் பரவியது. 2017இல் 'கவுன்சில் ஆஃப் யூரோப்' அமைப்புக்காக கிளேர் வார்டில், ஹொசைன் டெராக்ஷான் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எழுதிய அறிக்கை மூன்றாவதாக 'மால்இன்ஃபர்மேஷன்' என்பதையும் சேர்த்தது. உண்மையான தகவலையே ஒருவரைக் கெடுக்கப் பயன்படுத்துவது அது. ஒரு பெண்ணின் முகவரியை வம்புக்கென்றே வெளியிடுவது மாதிரி. நோக்கம் தெரியாமல் எழுதுகிறீர்கள் என்றால் 'மிஸ்' போடுங்கள். 'டிஸ்' போட்டால் குற்றம் சாட்டுகிறீர்கள்.

அறிகுறி: 'இம்மாரல்' என்று எழுதினேன், அவ்வளவு கெட்டவரில்லையே என்கிறார்கள்

ஒழுக்கம் தெரிந்தும் மீறுபவர் 'இம்மாரல்'. ஒழுக்கம் என்ற கணக்குக்கே வெளியே இருப்பது 'ஏமாரல்'. புயல் 'ஏமாரல்', கைக்குழந்தை 'ஏமாரல்', பால் குடித்துவிட்டுப் போகும் பூனையும்தான். இந்த 'ஏ' கிரேக்கத்திலிருந்து வந்தது. கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய 'ஏசிம்ப்டமேட்டிக்'கில் இருப்பதும் இதுவே: தொற்று இருக்கிறது, அறிகுறி இல்லை. கூட்டத்தில் கலக்காதவரை 'ஏசோஷியல்' என்று சொல்லலாம். 'ஆன்டிசோஷியல்' என்று எழுதினால் எழுத்து ஆங்கிலத்தில் அவர் சமூக விரோதி.

கவலைப்பட வேண்டாதவை

'டிஸ்ட்ரஸ்ட்', 'மிஸ்ட்ரஸ்ட்' இரண்டுக்கும் நுணுக்கமான வித்தியாசம் சொல்வார்கள். எதைப் போட்டாலும் யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். 'அன்ஈட்டபிள்' உப்பு கூடிப்போன உப்புமா, 'இன்எடிபிள்' உடம்புக்கு ஆகாத காட்டுக் காளான் என்று பிரிப்பவர்கள் உண்டு. பசியில் யாரும் பார்ப்பதில்லை. 'டிஸ்சாட்டிஸ்ஃபைடு', 'அன்சாட்டிஸ்ஃபைடு' விஷயத்தில் ஒரே ஒரு கவனம் போதும்: குறை சொல்லி எழுதும் கடிதத்தில் நீங்கள் 'டிஸ்', நிறைவேறாத நிபந்தனை 'அன்'.

எந்த முன்னொட்டாலும் தீராதது

'அன்லாக்கபிள்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டவே முடியாதது என்றும் படிக்கலாம், பூட்டைத் திறக்க முடியும் என்றும் படிக்கலாம். காரணம், ஆங்கிலத்தில் இரண்டு 'அன்' இருக்கின்றன. ஒன்று பெயரடையை மறுப்பது, மற்றது செய்ததைத் திருப்பிச் செய்வது. கயிற்றின் முடிச்சை அவிழ்க்கும் 'அன்டை' இரண்டாவது. இங்கே சோதனை எதுவும் உதவாது, எந்தப் பொருள் என்று எழுதியவருக்கு மட்டுமே தெரியும். என் நோட்டில் இந்தப் பக்கத்துக்கு எதிரே எழுதி வைத்திருப்பது: சொல்லை அடித்துவிடு, 'இந்தக் கதவைப் பூட்ட முடியாது' என்று முழு வாக்கியமாக எழுது.